காதுக்குக் கொடுத்ததை நாவுக்கும் கொடுங்கள்

கொழும்பின் காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாக நடந்து பாருங்கள். இல்லையென்றால் கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை ஒருமுறை சுற்றி வாருங்கள். மின்கம்பத்திலும் மதிலிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களில் ‘ஸ்போக்கன் இங்கிலிஷ்’ வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். பக்கத்திலேயே ஐஈஎல்ரிஎஸ் வகுப்புக்கு இன்னொன்று. இந்த வகுப்புகளைத் தேடிப் போகிறவர்களின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இலவச வகுப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. யூரியூப்பைத் திறந்தால் லண்டனில் இருப்பவரும் கற்பிக்கிறார், சென்னையில் இருப்பவரும் கற்பிக்கிறார். தமிழில் விளக்கம் சொல்லி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சனல்களுக்கும் குறைவில்லை. இவ்வளவையும் மாதக்கணக்காகப் பார்த்த ஒருவரிடம் நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கிறது? கேள்வி விளங்குகிறது. பதிலும் மனதில் இருக்கிறது. வாய்க்குத்தான் வருவதில்லை. அந்த இடைவெளியைப் பற்றியதுதான் இந்தப் பதிவு. கைத்தொலைபேசி நமது ஆங்கிலப் பேச்சை வளர்க்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நாம் அதன் திரையையும் ஸ்பீக்கரையும் மட்டும் பாவிக்கிறோம். பேச்சை வளர்க்கக்கூடிய உறுப்பு அதன் அடியில் ஊசித்துளை அளவில் இருக்கும் மைக். அதைத் திறக்காதவரை, எத்தனை வீடியோ பார்த்தாலும் கேட்கிற ஆங்கிலம் வளரும், கதைக்கிற ஆங்கிலம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

வாய் திறக்காததற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு மொழி என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கதைப்பதற்கான மொழி. ஆனால் நமது பாடசாலை அதை எழுத்து மொழியாகவே பரீட்சிக்கிறது. மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம்வரை, ஒன்பது வருடம் ஆங்கிலம் ஒரு பாடம். அதன் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு வாசிப்பும் எழுத்தும்தான். வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லாமலே ‘ஏ’ எடுக்கலாம். பரீட்சைக்கு வராததை வகுப்பில் செய்ய ஆசிரியருக்கும் நேரமில்லை, மாணவருக்கும் மனமில்லை. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசாங்கம் அறிவித்து, ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கான ஆசிரியர் பயிற்சியில் ஹைதராபாத்தின் ஆங்கிலப் பல்கலைக்கழகமும் கைகொடுத்தது. நோக்கம் நல்லது. ஆனாலும் பரீட்சை எழுத்தோடு நின்றதால் வகுப்பறைப் பழக்கமும் எழுத்தோடு நின்றது. அதே மாணவர் சில வருடங்கள் கழித்து வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஈஎல்ரிஎஸ் எடுக்கும்போது, பரீட்சகர் முன்னால் 11 முதல் 14 நிமிடம்வரை தனியாக உட்கார்ந்து கதைக்க வேண்டியிருக்கிறது. மொத்தப் புள்ளியில் கால்வாசி அந்த நிமிடங்களில் இருக்கிறது. ஒன்பது வருடம் யாரும் கேட்காத குரலை அன்றைக்குத் திடீரென்று கேட்கிறார்கள்.

இந்தக் குறையை நிரப்ப ஒலியும் ஒளியும் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆங்கிலத்தின் பாதி, எழுத்தில் தெரிவதில்லை. தமிழில் எழுத்துக்கு உரிய மாத்திரையைக் கொடுத்து வாசித்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். குற்றியலுகரம் போன்ற சில இடங்களில் மட்டும் உயிர் தன் ஒலியில் குறைந்து ஒலிக்கும் என்று பாடசாலையிலேயே படிக்கிறோம். ஆங்கிலம் அந்தக் குறுக்கத்தை ஒரு சொல்லின் அழுத்தம் பெறாத உயிர்களில் பெரும்பாலானவற்றுக்குச் செய்கிறது. எழுத்தைப் பார்த்து நாம் ‘வெஜிடேபிள்’ என்று நான்கு துண்டாகச் சொல்கிறோம். அவர்கள் ‘வெஜ்டபிள்’ என்று மூன்றாக முடித்துவிடுகிறார்கள். ‘டெவலப்’ என்று முதல் துண்டில் நாம் அழுத்துகிறோம். அவர்கள் ‘டிவெலப்’ என்று இரண்டாவதில் அழுத்துகிறார்கள். இதைப் புத்தகம் காட்டாது, காதுதான் காட்டும். இதில் ஈழத்தமிழருக்கு ஒரு முதலும் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘டொராண்டோ’ என்று எழுதும் ஊரை நாம் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறோம். ‘ரீ’, ‘ரிக்கற்’ என்று எழுதுகிறோம். நாக்கை மேலே மடிக்காமல் பல்லீறில் தொட்டு எடுக்கும் அந்த ஒலி நமது ‘வெற்றி’யிலும் ‘காற்றி’லும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தின் T எழுத்துக்கு அது மிகக் கிட்டிய ஒலி. காது கொடுத்தால் பிடிபடக்கூடிய மொழிதான் இது.

காதுவழிப் பாடம் புதிதும் அல்ல. 1943இல் பிபிசி வானொலியில் ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. 1959இல் வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் நின்று, நிதானமான வேகத்தில் செய்தி சொல்லும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதன் பிறகு கசெட் வந்தது, சீடி வந்தது. வானொலியில் ஒரு வசனம் போனால் போனதுதான். இன்றைய கருவியில் உண்மையில் புதியவை இரண்டு. ஒன்று, எந்த வசனத்தையும் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, நூறு தரம் திரும்பக் கேட்கலாம். மற்றது, அதே கருவியில் நமது குரலைப் பதிந்து, கேட்ட குரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாம் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, வானொலி கேட்டதைப் போலவே யூரியூப்பையும் கேட்கிறோம். ஒரு வீடியோ முடிய அடுத்தது தானாக வருகிறது. பத்தாவது வீடியோ முடியும்போது கனக்கப் படித்த உணர்வு வருகிறது. அந்த மணி நேரத்தில் நாக்கு ஒரு வேலையும் செய்திருக்காது.

நாக்கு வேலை செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. மொன்றியல் அருகே செய்ன்ற் லம்பேர்ட் என்ற ஊரில் 1965இல், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்பு தொடங்கியது. அது கனடா முழுவதும் பரவியது. அப்படி ஆறு ஏழு வருடம் பெரும்பாலும் பிரெஞ்சில் பாடம் கேட்ட பிள்ளைகளை ரொறன்ரோவைச் சேர்ந்த ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் ஆராய்ந்தார். கேட்டு விளங்குவதில் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்ட நின்றார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத்தில் பின்தங்கியே இருந்தார்கள். கேட்பது மட்டும் போதாது, கற்பவர் தன் வாயால் வசனத்தைக் கட்டித் தடுமாறும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பதே தெரிகிறது என்று அவர் 1985இலிருந்து எழுதிவந்தார். இன்னொரு சான்று அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து. பற்றீசியா கூலும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளில் சிலருக்குச் சீனமொழி பேசுபவர்கள் நேரில் வந்து விளையாடிக் கதைத்தார்கள். சிலருக்கு அதே ஆட்களை வீடியோவில் காட்டினார்கள். சிலருக்கு ஒலியை மட்டும் கேட்கவைத்தார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. மற்ற இரண்டு குழுக்களும் கற்கவில்லை. வளர்ந்தவர்கள் குழந்தைகள் அல்லர், ஒரு வீடியோவிலிருந்து நாம் நிச்சயம் சொற்களைப் பொறுக்குவோம். ஆனாலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது மட்டுமே பேச்சாக மாறாது என்பதை இவை அழுத்தமாகச் சொல்கின்றன. வருடக்கணக்காகக் கொரிய நாடகம் பார்க்கும் வீடுகளில் கொரிய மொழி எவ்வளவு கதைக்கப்படுகிறது என்று யோசித்தாலும் இதே விடைதான் வரும்.

கனடாவுக்கும் சியாட்டிலுக்கும் போகாமலே பார்க்கக்கூடிய சான்று கொழும்பிலேயே இருக்கிறது. அதுதான் நமது சிங்களம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழர்களில் கனபேர் சிங்களத்தை எந்த வகுப்பிலும் முறையாகப் படித்தவர்கள் அல்லர். சந்தையில் மீனுக்கு விலை கேட்டு, ஓட்டோக்காரரோடு பேரம் பேசி, கிராம சேவகர் அலுவலகத்தில் காரியம் கேட்டு, கதைத்துக் கதைத்தே பழகினார்கள். சிங்களத்தின் வசன அமைப்பு தமிழோடு ஒத்துப்போவதால் இது இலகு என்று சொல்லலாம். சரிதான், அதுவும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், அவர்கள் பிழையாகக் கதைக்கத் தயங்கவில்லை என்பது. சிங்களத்தில் ஒரு விகுதியைப் பிழைவிட்டால் கடைக்காரர் திருத்துவார் அல்லது விளங்கிக்கொண்டு சாமானைக் கட்டித் தருவார். யாருக்கும் மானம் போவதில்லை. அதே ஆள் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்வதற்கு முன் மனதுக்குள் மூன்று தரம் இலக்கணம் பார்க்கிறார். நான்காவது தரம் பார்ப்பதற்குள் எதிரில் நின்றவர் போய்விடுகிறார்.

இந்தப் பயத்துக்கு நமது தீவில் பெயரே இருக்கிறது. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்றார்கள், வாள் என்று பொருள். மொழியியலறிஞர் திரு கந்தையா 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்து, ஆங்கிலம் இங்கே எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக இருக்கிறது என்று காட்டினார். கொழும்பில் ‘நொட் பொட் இங்கிலிஷ்’ என்று ஒரு பரிகாசமும் உண்டு. வாயைத் திறந்து உருட்டிச் சொல்ல வேண்டிய ஓர் உயிரொலியை ஒகரமாகச் சொல்லிவிட்டால், அந்த ஒரே ஒலியை வைத்து ஒருவர் எந்தப் பாடசாலையில் படித்தார், எந்தத் தெருவில் வளர்ந்தார் என்று அளந்துவிடுவார்கள். ஆகவே நமது மாணவருக்கு முதலில் வேண்டியது சொல் அகராதி அல்ல, யாரும் சிரிக்காத ஓர் இடம். கைத்தொலைபேசியின் மைக்குக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். அது சிரிக்காது, சலிக்காது, அழிக்கச் சொன்னால் அழித்துவிடும். பிழை விடுவதற்கான உரிமையை அது முதலில் தருகிறது. பிழை விட இடமில்லாத இடத்தில் எந்த மொழியும் வாய்க்கு வராது.

சரி, எப்படிப் பாவிப்பது? பெரிய வீடியோ வேண்டாம், இரண்டு மூன்று நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள். முதலில் எழுத்தில்லாமல் கேளுங்கள். பிறகு ஆங்கில எழுத்தை ஓடவிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்தை விட்டுவிடுங்கள், அதற்குக் காரணமிருக்கிறது. ஹோல்கர் மிற்றரரும் ஜேம்ஸ் மக்குவீனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், டச்சுக்காரர்களுக்கு ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலிய உச்சரிப்பில் படம் காட்டினார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களின் காது அந்த உச்சரிப்புக்குப் பழகியது. டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்குப் புதிய வசனங்களைப் பிடிப்பதில் அது இடைஞ்சலாகவே இருந்தது. தாய்மொழி எழுத்து கதையைச் சொல்லிவிடுகிறது, காது ஓய்வெடுத்துவிடுகிறது. மூன்றாவதாக, பேசுபவரின் பின்னால் நிழல்போல அரை விநாடி தள்ளி, அவர் சொல்வதை நீங்களும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். பேச்சை உடனுக்குடன் வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர்களின் பயிற்சியிலிருந்து வந்த முறை இது. யப்பானில் ஆங்கில வகுப்புகளில் பரவலாகக் கையாள்கிறார்கள். சங்கீதம் படித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, குரு பாட, கூடவே பாடிப் பிடிப்பதுதான். நான்காவதாக, உங்கள் குரலைப் பதிந்து, மூலத்தையும் அதையும் மாறி மாறிக் கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு எடுத்தார், எந்தச் சொல்லை விழுங்கினார், எதில் அழுத்தினார் என்று பாருங்கள். பத்துத் தரத்தில் வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும்: இது கிளிப்பிள்ளை வேலைதானே, கிளி பேசுவது பேச்சாகுமா? ஆகாது. ஆகவேதான் ஐந்தாவது படி இல்லாமல் முதல் நான்கும் வீண். மூலத்தை மூடிவிட்டு, அதில் கேட்டதை உங்கள் சொந்த வசனங்களில் நான்கு நிமிடம் சொல்லுங்கள். பிறகு அதே செய்தியை மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடத்தில். கீத் மோரிஸ் 1983இல் எழுதிய இந்தப் பயிற்சியைப் பின்னர் போல் நேஷன் என்ற அறிஞர் ஆசிரியர்களிடையே பரப்பினார். முதல் சுற்றில் சொல்லைத் தேடி நிற்பீர்கள். இரண்டாம் சுற்றில் தேடிய சொல் கையில் இருக்கும். மூன்றாவதில் தடங்கல் குறைந்து வேகம் வரும். மூலப் பயிற்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறொருவர் கேட்பார். ஆள் கிடைக்காவிட்டால் மைக் கேட்கட்டும். கடைசிச் சுற்றையாவது ஒரு மனிதருக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புங்கள். கேட்கிறவர் ‘என்ன சொன்னாய், விளங்கவில்லை’ என்று திருப்பிக் கேட்கிற அந்தக் கணத்தில் நீங்கள் வசனத்தை வேறுவிதமாகக் கட்டுவீர்கள். கிளி மனிதனாவது அங்கேதான்.

யாருடைய ஆங்கிலத்தைப் பின்பற்றுவது என்பது அடுத்த கேள்வி. லண்டன் உச்சரிப்பு வராவிட்டால் ஆங்கிலமே வரவில்லை என்று நினைப்பவர்கள் கனபேர். கனடாவில் மறே மன்றோவும் ட்றேசி டேர்விங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். சீனர்கள் பேசிய ஆங்கிலத்தைக் கனடியர்களுக்குப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார்கள். உச்சரிப்பு மிகவும் அந்நியமாக இருக்கிறது என்று தாங்களே புள்ளியிட்ட பேச்சைக்கூடப் பல சமயங்களில் கேட்டவர்கள் ஒரு சொல்லும் விடாமல் எழுதினார்கள். அந்நியமாக ஒலிப்பது வேறு, விளங்காமல் போவது வேறு. நமது இலக்கு விளங்கவைப்பது. அதற்கு நமது தீவிலேயே மாதிரிகள் இருக்கின்றன. 2011 யூலையில் குமார் சங்கக்கார லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய கவுட்ரி நினைவுப் பேருரை ஏறத்தாழ ஒரு மணி நேரம், இணையத்தில் இருக்கிறது. அவர் இலங்கையராகவே பேசினார், அங்கிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன் உலகத் தொலைக்காட்சிகளில் தன் வேகத்தில், தன் குரலிலேயே கதைக்கிறார், உலகம் கேட்கிறது. இலங்கை ஆங்கிலத்துக்கு மைக்கல் மெய்லர் 2007இல் தனி அகராதியே வெளியிட்டார். பிபிசியையும் கேளுங்கள், ஆனால் உங்களைப் போன்ற நாக்கு உள்ளவரின் துண்டு ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாத குரலோடு மட்டும் தன் குரலை ஒப்பிடுபவர் சீக்கிரம் மைக்கை மூடிவிடுவார்.

ஆசிரியர் இல்லாமல் தனியாகக் கதைத்தால் பிழையே பழக்கமாகிவிடாதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தானே கேட்டுத் திருத்தக்கூடியது உச்சரிப்பும் தாளமும். காலமும் வேற்றுமையும் பிழைத்தால் தன் காதுக்குத் தெரியாது. அதற்கு ஆசிரியர் வேண்டும். ஆனால் ஐம்பது பேர், நூறு பேர் இருக்கும் ரியூசன் மண்டபத்தில் ஆசிரியர் ஒலிவாங்கியில் கதைக்க, பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறார்கள். அவர் அங்கே தரும் விளக்கம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைக்காதது அவருடைய காது. விளக்கத்தை வீட்டில் வீடியோவில் பார்க்கச் சொல்லிவிட்டு, வகுப்பு நேரத்தைச் சோடி சோடியாகக் கதைக்கவிட்டு, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரின் இரண்டு நிமிடக் குரல் பதிவையும் கேட்டு இரண்டே இரண்டு திருத்தம் சொல்கிற ஆசிரியர், எந்த வீடியோவாலும் ஈடு செய்ய முடியாதவர். இப்போது கதைத்தால் பதில் சொல்கிற செயலிகளும் வந்துவிட்டன. பழகுவதற்கு நல்லவை. ஆனாலும் பிழையான வசனத்தையும் ஊகித்துப் பதில் சொல்லிவிடும் அந்தப் பொறுமை, மனிதரிடம் எப்போதும் கிடைக்காது.

‘படம் பார்த்தே ஆங்கிலம் கதைக்கப் பழகியவர்கள் இருக்கிறார்களே’ என்பார்கள். இருக்கிறார்கள். அவர்களை அருகில் பார்த்தால், பார்த்த வசனத்தை நண்பரோடு நடித்துப் பார்த்திருப்பார்கள், இணைய விளையாட்டில் வெளிநாட்டுக்காரரோடு கதைத்திருப்பார்கள், வேலையிடத்தில் கதைக்க நேர்ந்திருக்கும். படம் அவர்களுக்குச் சொல்லைக் கொடுத்தது, வாயைத் திறந்தது வேறொன்று. இன்னும் சிலர் இடமில்லை என்பார்கள். இது உண்மையான கஷ்டம். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் ஓர் அறைக்குள் ஐந்து பேர். வெள்ளவத்தை மாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக் கோப்பைச் சத்தமே கேட்கும். அங்கே ஒருவர் சத்தம்போட்டு ஆங்கிலம் கதைப்பது எப்படி? காதில் இயர்ஃபோனைப் போட்டுக்கொண்டு பின்னேரம் மரைன் டிரைவில் கடலோரமாக நடங்கள். தனியாகக் கதைத்துக்கொண்டு போகிறவரை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, யாரோடோ கோலில் இருக்கிறார் என்றே நினைப்பார்கள். டேட்டாச் செலவும் அப்படித்தான்: மூன்று நிமிட ஒலித்துண்டை ஒருமுறை இறக்கிவிட்டால் முப்பது தரம் கேட்பதற்குச் சதமும் செலவில்லை. அடுத்தடுத்து முப்பது வீடியோ பார்ப்பதுதான் செலவு.

கடைசியாக, கதைப்பதற்கு ஆள் இல்லை என்ற மறுப்பு. இதற்குத்தான் நமது சமூகத்திடம் யாருக்கும் இல்லாத ஒரு பதில் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லண்டனோ ரொறன்ரோவோ சிட்னியோ தொடர்பில்லாத தமிழ் வீடு குறைவு. பெரியவர்கள் தினமும் கடல்தாண்டிக் குரல் செய்தி அனுப்புகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் இருக்கிறது, நாவில் இல்லை. இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதில் இருக்கிறது, நாவில் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே குறை, எதிரெதிர் மொழியில். இங்கிருந்து ஒரு மச்சாள் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் அனுப்பட்டும். அங்கிருந்து அவளுடைய மச்சான் இரண்டு நிமிடம் தமிழில் அனுப்பட்டும். அவளுடைய பிழையை அவன் திருத்துவான், அவனுடைய பிழையை அவள் திருத்துவாள். இருவரும் பிழை விடுவதால் இருவருக்கும் வெட்கமில்லை. சட்டப்புத்தகத்தில் இணைப்பு மொழி என்று எழுதியிருப்பது, சிதறிப்போன ஒரு குடும்பத்துக்குள் முதலில் உண்மையாகட்டும்.